எந்தத் திருச்சபைக்கு? கான்ஸ்டன்டைனின் கொடையைப் பற்றிச் சில எண்ணங்கள்

303ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் நுமிதியா மாநிலத்துச் சிர்த்தா நகரில், கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டின் முன் நகர நிர்வாகி முனாசியுஸ் பெலிக்ஸ் தம் எழுத்தர்களோடு வந்து நின்றார். கிறிஸ்தவர்களின் வழிபாட்டு இடங்களை இடிக்க வேண்டும், மறைநூல்களைப் பறித்து எரிக்க வேண்டும் என்று பேரரசர் தியோக்கிளேசியன் அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆணை பிறப்பித்திருந்தார். ஆயர் பவுல் எதிர்த்து நிற்கவில்லை. நூல்கள், வழிபாட்டில் அவற்றை வாசிக்கும் வாசகர்களின் வீடுகளில் இருக்கின்றன, இங்கே இருப்பதைத் தருகிறோம் என்றார். எழுத்தர் ஒவ்வொரு பொருளாகக் குறித்துக்கொண்டார்: தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் குடம் 6, வெள்ளி விளக்கு 7, பெண்களுக்கான அங்கி 82, முக்காட்டுத் துணி 38, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 சோடி, பெண்கள் செருப்பு 47 சோடி. நூலறையின் அலமாரிகள் காலியாக இருந்தன. ஆனால் சில்வானுஸ் என்ற துணைத் திருத்தொண்டர், ஒரு பீப்பாய்க்குப் பின்னால் கிடந்ததாகச் சொல்லி, ஒரு வெள்ளிப் பேழையையும் ஒரு வெள்ளி விளக்கையும் எடுத்து வந்து கொடுத்தார். இந்தச் சில்வானுஸைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

அரச ஆதரவால் ஆதித் திருச்சபை வளர்ந்த கதையை எழுதப் புகுந்தவன், அரசு அதை ஒழிக்க முயன்ற ஆண்டின் செருப்புக் கணக்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 47 சோடி பெண்கள் செருப்பு ஆயர் வீட்டுத் தேவைக்காக வாங்கி வைத்ததாக இருக்க முடியாது. கைம்பெண்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பதற்காகச் சேர்த்த இருப்பு என்று கொள்வதே பொருந்தும். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 251ஆம் ஆண்டையொட்டி, ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் ஒன்று, அந்த ஒரே நகரத்தின் திருச்சபையில் 46 குருக்களும் 7 திருத்தொண்டர்களும் பணியாற்றியதையும், 1500க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் வறியவர்களையும் அது பராமரித்து வந்ததையும் சொல்கிறது. ஆகவே, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆதரிக்க முன்வந்தபோது அவர் கண்டது, சொத்தும் கணக்கும் பொறுப்பாளர் வரிசையும் ஊருக்கு ஊர் கடிதப் போக்குவரத்தும் கொண்டு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஓர் அமைப்பை. வெட்டி முடித்திருந்த வாய்க்காலில் அவர் தண்ணீரைத் திறந்துவிட்டார் எனலாம். அந்தத் தண்ணீர் யாருடைய வயலுக்குப் போக வேண்டும் என்ற வழக்கும் அதைத் திறந்துவிட்ட அதே ஆண்டில் தொடங்கிவிட்டது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நம்மில் பலரும் கேட்ட கதை வேறு. வானத்தில் சிலுவை தெரிந்தது, 'இதனால் வெற்றி கொள்' என்ற சொற்கள் ஒளிர்ந்தன, ரோமில் மில்வியன் பாலத்தருகே போட்டி ஆட்சியாளன் மக்சென்சியுஸ் தோற்று தைபர் ஆற்றில் மூழ்கினான், பேரரசர் மனம் மாறினார் என்பது அக்கதை. 312 அக்டோபர் 28இல் நடந்த அந்தப் போர் வரலாறு. மக்சென்சியுஸ் ஆற்றில் மூழ்கி இறந்ததும் வரலாறு. காட்சியைப் பற்றி மட்டும் அக்காலத்தவர் இருவரே வெவ்வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள்: லக்தான்சியுஸ், கேடயங்களில் குறியிடும்படி கனவில் ஆணை கிடைத்தது என்கிறார், யூசேபியுஸ், பட்டப்பகலில் சூரியனுக்கு மேலே ஒளிச் சிலுவை தெரிந்தது என்றும், அதைப் பேரரசரே தம்மிடம் ஆணையிட்டுச் சொன்னார் என்றும் பிற்காலத்தில் எழுதுகிறார். கான்ஸ்டன்டைனின் உள்ளத்தில் என்ன நடந்தது என்பதை ஆராய எனக்கு ஆர்வம் இல்லை. போருக்கு அடுத்த சில மாதங்களில் அவருடைய அலுவலகத்திலிருந்து புறப்பட்ட கடிதங்கள் அதைவிடச் சுவையானவை.

துன்புறுத்தலை நிறுத்தியவர் கான்ஸ்டன்டைன் மட்டும் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான கலேரியுஸே, கொடிய நோயில் கிடந்த 311ஆம் ஆண்டு ஏப்ரலில், கிறிஸ்தவர்கள் மீண்டும் கூடலாம், தம் கடவுளிடம் எங்கள் நலனுக்காகவும் வேண்டிக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டுவிட்டு, சில நாள்களில் இறந்துபோனார். 313இல் மிலான் நகரில் கான்ஸ்டன்டைனும் கிழக்குப் பகுதியின் ஆட்சியாளர் லிசினியுஸும் சந்தித்து எடுத்த முடிவு அதிலிருந்து ஒரு படி மேலே சென்றது. அந்த முடிவைத் தெரிவிக்கும் கடிதம் ஜூன் 13ஆம் நாள் நிக்கோமேதியாவில் ஒட்டப்பட்டது. யாரும் எந்தச் சமயத்தையும் பின்பற்றலாம் என்பதோடு, பறிக்கப்பட்ட கிறிஸ்தவச் சொத்துகளை விலையோ ஈடோ கேட்காமல் உடனே திருப்பித் தர வேண்டும், அவற்றை இடையில் விலைகொடுத்து வாங்கியவர்கள் இழப்பீட்டை அரசிடம் கேட்டுப் பெறலாம் என்றும் அது சொன்னது. தனி ஆள்களின் சொத்தாக அல்லாமல் கிறிஸ்தவச் சமூகத்துக்கே உரிய சொத்தாக அவற்றைக் குறிப்பிட்டதில்தான் உண்மையான மாற்றம் இருக்கிறது. அதுவரை சட்டத்தின் கண்ணில் தெளிவான நிலை இல்லாத ஒரு கூட்டம், சொத்துடைமை உள்ள அமைப்பாக ஏற்கப்பட்டது.

இப்போது ஆப்பிரிக்காவுக்கு வருவோம். 312-313 குளிர்காலத்தை ஒட்டி, கார்த்தேஜ் ஆயர் செசிலியானுஸுக்குக் கான்ஸ்டன்டைன் ஒரு கடிதம் எழுதினார். அதை யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். ஆப்பிரிக்கா, நுமிதியா, மவுரித்தானியா மாநிலங்களில் 'முறையானதும் மிகத் தூயதுமான கத்தோலிக்கச் சமயத்தின்' பணியாளர் சிலருடைய செலவுக்காக 3000 ஃபோலிஸ் கொடுக்கும்படி, ஆப்பிரிக்காவின் நிதி அலுவலர் உர்சுஸுக்கு எழுதியிருக்கிறேன். ஆயர் ஹோசியுஸ் அனுப்பும் பட்டியலின்படி அதைப் பகிர்ந்துகொடுங்கள். போதாமல் போனால், நம் நிலங்களின் மேலாளர் ஹெராக்ளிதெஸிடம் தயங்காமல் கேளுங்கள் என்பது அதன் சாரம். ஃபோலிஸ் என்பது இங்கே நாணயங்களை எண்ணிக் கட்டிய பையைக் குறிக்கும். அப்படி மூவாயிரம் பைகள் பெருந்தொகை. பத்தாண்டுக்கு முன் கிண்ணத்தையும் செருப்பையும் எண்ணி எடுத்துச் சென்ற அதே நிர்வாகம், இப்போது பையை எண்ணிக் கொடுக்க வந்தது.

கடிதத்தின் இறுதிப் பகுதி வேறு தொனியில் இருக்கிறது. நிலையற்ற மனம் படைத்த சிலர் திருச்சபையின் மக்களைத் திசைதிருப்ப முயல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களை ஆளுநர் அனுலினுஸிடமும் துணை அதிகாரி பத்ரீசியுஸிடமும் தயங்காமல் ஒப்படையுங்கள் என்கிறார் பேரரசர். அனுலினுஸுக்கு எழுதிய இன்னொரு கடிதத்திலோ, 'செசிலியானுஸ் தலைமை தாங்கும் கத்தோலிக்கத் திருச்சபையில்' பணிபுரியும் குருக்களை எல்லாப் பொதுக் கடமைகளிலிருந்தும் விடுவிக்கச் சொல்கிறார். அவர்கள் கடவுளுக்குத் தடையின்றிப் பணிபுரிவதால் அரசுக்குப் பெரும் நன்மை விளையும் என்று காரணமும் காட்டுகிறார். செசிலியானுஸின் பெயரை அந்தத் தொடரில் சேர்த்தது ஒரு தீர்ப்புக்குச் சமம். ஏனென்றால் அப்போது கார்த்தேஜில் ஆயர்கள் இருவர் இருந்தார்கள்.

செசிலியானுஸைத் திருநிலைப்படுத்தியவர்களில் ஒருவரான அப்துங்கி நகரின் ஆயர், துன்புறுத்தலின்போது மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர், ஆகவே அவர் கை வைத்துச் செய்த திருநிலைப்பாடு செல்லாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். நுமிதியாவின் ஆயர்கள் பலர் கூடி மயோரினுஸ் என்பவரை ஆயராக்கினார்கள். அவருக்குப் பின் வந்த தொனாத்துஸின் பெயரால் அந்தப் பிரிவினர் தொனாத்துசார் எனப்பட்டார்கள். கோட்பாட்டுக்குப் பின்னால் சொந்தப் பகையும் இருந்தது. லூசில்லா என்ற செல்வச் சீமாட்டி, நற்கருணை வாங்கும் முன் ஒரு மறைசாட்சியின் எலும்பை முத்தமிடும் வழக்கம் உடையவர். செசிலியானுஸ் திருத்தொண்டராக இருந்தபோது அதற்காக அவரைக் கண்டித்தார். அந்த அம்மையார் அதை மறக்கவில்லை, மயோரினுஸ் அவருடைய வீட்டைச் சார்ந்தவர். ஆனால் வழக்கின் வேர் அதைவிட ஆழமானது. துன்பக் காலத்தில் உறுதியாக நின்றவர்களும் வளைந்துகொடுத்தவர்களும் ஒரே பந்தியில் அமர முடியுமா என்பது உண்மையான கேள்வி. இதற்கு முன் வந்த துன்புறுத்தல்களுக்குப் பின்னும் இதே கேள்வி எழுந்து, ஆண்டுக்கணக்கில் வாதாடி, கசப்போடு ஓரளவு தீர்ந்திருக்கிறது. இந்த முறை அப்படித் தீரவில்லை. காரணம், இப்போது பணமும் விலக்கும் ஏதோ ஒரு தரப்புக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

தொனாத்துசார் செய்தது வியப்பானது. பிற்காலத்தில் அரசைச் சாத்தானின் கருவி என்று பேசிய அவர்களே, 313 ஏப்ரலில் அனுலினுஸ் வழியாகப் பேரரசருக்கு விண்ணப்பம் கொடுத்து, தங்கள் வழக்கைத் தீர்த்துவைக்கும்படி கேட்டார்கள். கான்ஸ்டன்டைன் அதை ரோம் ஆயர் மில்த்தியாதெஸின் முன் விசாரிக்க ஏற்பாடு செய்தார். அக்டோபரில் லாத்தரன் மாளிகையில் கூடிய ஆயர்கள் செசிலியானுஸுக்குச் சார்பாக முடிவு சொன்னார்கள். தோற்றவர்கள் ஏற்காததால், 314 ஆகஸ்டில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டின் ஆர்ல் நகரில் பெரிய சங்கம் ஒன்று கூட்டப்பட்டது. அதற்குச் சிராக்கூஸ் ஆயருக்குப் போன அழைப்புக் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது: சிசிலியின் ஆளுநரிடம் அரசு வண்டி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாம் நிலைக் குருக்கள் இருவரையும் வழியில் பணிவிடை செய்யப் பணியாளர் மூவரையும் அழைத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்ட் முதல் நாளுக்குள் வந்து சேருங்கள். ஆயர்கள் தாமே கூடிப் பேசும் வழக்கம் அதற்கு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது; அரசர் நாள் குறித்து வண்டி கொடுத்து அழைக்கும் சங்கம் புதியது.

ஆர்ல் சங்கத்துக்குப் பின்னும் வழக்கு ஓயாமல், 316இல் பேரரசரே செசிலியானுஸின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அடுத்துச் சில ஆண்டுகள் கார்த்தேஜில் படையின் துணையோடு ஆலயங்கள் பறிக்கப்பட்டன, தொனாத்துசாருக்குப் புதிய மறைசாட்சிகள் கிடைத்தார்கள். 321இல் அந்த முயற்சியைக் கான்ஸ்டன்டைன் கைவிட்டார். இதற்கிடையில் 320ஆம் ஆண்டு நுமிதியாவின் ஆளுநர் செனோபிலுஸ் முன் ஒரு விசாரணை நடந்தது. அங்கே நிறுத்தப்பட்டவர் சில்வானுஸ். வெள்ளி விளக்கை எடுத்துக் கொடுத்த அதே சில்வானுஸ்தான். பிறரை 'ஒப்படைத்தவர்கள்' என்று பழித்த தொனாத்துசார் தரப்பில் அவர் இப்போது ஆயர்! பகையாகிப்போன அவருடைய திருத்தொண்டர் ஒருவர் வழக்குத் தொடுக்க, 303ஆம் ஆண்டின் நகரப் பதிவேடு நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. கிண்ணமும் செருப்பும் அடங்கிய அந்தப் பட்டியல் நம் கைக்கு வந்து சேர்ந்ததே இந்த வழக்கால்தான். துன்புறுத்திய அரசு எழுதிவைத்த ஆவணம், ஆதரித்த அரசின் நீதிமன்றத்தில் சான்றாயிற்று. வரலாறு படிப்பவனுக்கு இதைவிட நல்ல விருந்து அரிதாகவே கிடைக்கும்.

சிர்த்தா நகருக்கும் கான்ஸ்டன்டைனின் பெயரே சூட்டப்பட்டது. அல்ஜீரியாவில் அது இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. அங்கே பேரரசர் கட்டிக் கொடுத்த பேராலயத்தைத் தொனாத்துசார் கைப்பற்றிக்கொண்டார்கள். அதை மீட்டுத் தரும்படி கத்தோலிக்க ஆயர்கள் கேட்டபோது, 330இல் அவர் எழுதிய பதில், பொறுமையாக இருந்ததற்காக அவர்களைப் பாராட்டிவிட்டு, அரசுச் செலவில் இன்னொரு ஆலயம் கட்டித் தருவதாகச் சொன்னது. இருபதாண்டு அனுபவம் அவருக்கு எதைக் கற்பித்தது என்பதை இந்த ஒரு கடிதமே காட்டிவிடுகிறது.

பொதுக் கடமையிலிருந்து விலக்கு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரோமப் பேரரசின் நகரங்களில் ஓரளவு நிலம் உடையவர்கள் எல்லாரும் நகர மன்றத்தில் உறுப்பினராகி, வரி வசூலிப்பு, பொதுக் குளியலகங்களின் பராமரிப்பு, விழாச் செலவு ஆகியவற்றைத் தம் கைப்பொருளைக் கொண்டே செய்ய வேண்டும். வரியில் குறை விழுந்தால் அதையும் அவர்களே ஈடுகட்ட வேண்டும். அது ஒருகாலத்தில் பெருமை, நான்காம் நூற்றாண்டில் சுமை. குருவானால் அந்தச் சுமை இல்லை என்று ஆனவுடன், நிலக்கிழார்களுக்குத் திடீரென்று இறையழைத்தல் பெருகியது. சில ஆண்டுகளிலேயே கான்ஸ்டன்டைன் தடுப்பு போட வேண்டியதாயிற்று: இறந்துபோன குருவின் இடத்துக்கு மட்டுமே புதியவரை எடுக்க வேண்டும், நகர மன்றக் குடும்பத்தினரை எடுக்கக் கூடாது, செல்வர்கள் உலகின் சுமைகளைத் தாங்கட்டும், ஏழைகளைத் திருச்சபையின் செல்வம் தாங்கட்டும் என்று 320களின் சட்டங்கள் சொல்கின்றன. அந்தக் கடைசித் தொடர் படிப்பதற்கு அழகாக இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது வருவாய்த் துறையின் கவலை.

பிற சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். வழக்காளிகள் விரும்பினால் ஆயரிடம் வழக்கைக் கொண்டுபோகலாம், அவர் தீர்ப்பு செல்லும் என்று ஆனது. ஆலயத்தில் குருக்களின் முன்னிலையில் அடிமையை விடுவித்தால் அது சட்டப்படி முழு விடுதலையாக ஏற்கப்பட்டது. 321இல் யாரும் தம் உயிலில் திருச்சபைக்குச் சொத்து எழுதிவைக்கலாம் என்ற சட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றத்துக்கும் நகரத் தொழில்களுக்கும் ஓய்வு நாளானது, உழவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் அந்தச் சட்டம் 'வணக்கத்துக்குரிய சூரியனின் நாள்' என்றே பேசுகிறது, கிறிஸ்துவைக் குறிப்பிடவில்லை. இவற்றுள் உயில் சட்டமே நெடுங்காலத்துக்கு மிகுந்த பலன் தந்தது என்பது என் கணிப்பு. பேரரசரின் கொடை அவர் காலத்தோடு நின்றுபோகலாம். பிள்ளையில்லாத கைம்பெண்களின் நிலம் ஒவ்வொரு தலைமுறையிலும் வந்துகொண்டே இருக்கும்.

கட்டடங்களை யாரும் எளிதில் மறக்க முடியாது. ரோமில் லாத்தரன் பேராலயம், வத்திக்கான் குன்றில் பேதுருவின் பேராலயம். இரண்டாவதற்காக ஒரு கல்லறைத் தோட்டத்தையே மண்ணிட்டு மூடி, குன்றின் சரிவை வெட்டித் தளம் அமைத்தார்கள். பேதுருவின் கல்லறை என்று நம்பப்பட்ட இடம் அங்கே இருந்ததால் வேறிடம் பார்க்க வழியில்லை. கட்டியதோடு நில்லாமல், விளக்குக்கும் பராமரிப்புக்கும் நிலங்களை எழுதிவைத்தார் பேரரசர். ரோம் ஆயர்களின் வரலாற்றுத் தொகுப்பு தரும் பட்டியலில், பேதுருவின் பேராலயத்துக்குரிய வருவாயாக அந்தியோக்கியா நகரத்து வீடுகள், ஒரு குளியலகம், ஒரு ரொட்டிக் கடை, ஒரு மதுக்கடை ஆகியவற்றின் வாடகையும் இருக்கிறது. திருத்தூதரின் விளக்குக்கு மதுக்கடை வாடகை என்பதில் அக்காலத்தார் யாரும் முரண் கண்டதாகத் தெரியவில்லை.

எருசலேமில் வீனஸ் கோயில் இருந்த இடத்தைத் தோண்டியபோது கிறிஸ்துவின் கல்லறை வெளிப்பட்டதாக நம்பப்பட்டது. அங்கே ஆலயம் கட்டுவது பற்றி ஆயர் மக்காரியுஸுக்குக் கான்ஸ்டன்டைன் எழுதிய கடிதம், ஒரு நல்ல கட்டட உரிமையாளரின் கடிதம். ஒவ்வொரு நகரத்தின் சிறந்த கட்டடங்களையும் அது விஞ்ச வேண்டும். எத்தனை ஆள்கள் வேண்டும் என்று ஆளுநரிடம் சொல்லுங்கள். எந்தத் தூண்கள், எந்தச் சலவைக்கல் சிறந்தவை என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மேற்கூரை பெட்டி வேலைப்பாடாக அமையுமானால் அதற்குப் பொன் பூசலாம். 335இல் அந்த ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. புதிய தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் ஆலயங்களுக்காக ஐம்பது மறைநூற் படிகளைத் தோலில் எழுதித் தரும்படி யூசேபியுஸுக்கு வந்த ஆணையிலும் இதே கவனம் தெரிகிறது: செலவை மாநில நிதி அலுவலர் தருவார், எழுதி முடித்தவற்றை இரண்டு அரசு வண்டிகளில் ஏற்றி உங்கள் திருத்தொண்டர் ஒருவரோடு அனுப்புங்கள். மறைநூல் எரிக்கப்பட்டதை நேரில் கண்டு எழுதியவர் அந்த யூசேபியுஸ். அவருடைய புகழுரைகள் மிகையாக இருக்கின்றன என்று இன்று நாம் சலித்துக்கொள்வது எளிது. அவர் இடத்தில் நின்று பார்த்தால் அந்த மிகை புரிகிறது.

325ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால், ஒரு காட்சியோடு நிறுத்திக்கொள்கிறேன். சங்கம் முடிந்தபின், தம் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விழாவில் பேரரசர் ஆயர்களுக்கு விருந்து வைத்தார். மாளிகை வாயிலில் மெய்க்காவலர்கள் உருவிய வாளோடு வளைந்து நிற்க, 'கடவுளின் மனிதர்கள்' அச்சமின்றி அவர்களுக்கு நடுவே நடந்து உள்ளே சென்றதாகவும், கிறிஸ்துவின் ஆட்சி கனவா நனவா என்று எண்ணத் தோன்றியதாகவும் யூசேபியுஸ் எழுதுகிறார். ஆனால் கிறிஸ்து தந்தைக்கு இணையானவர் அல்லர் என்று போதித்து, அதே சங்கத்தின் முடிவை ஏற்க மறுத்த ஆரியுஸ் என்ற குரு நாடுகடத்தப்பட்டார். அதைச் செய்தது அரசாணை. பத்தாண்டில் காற்று திசைமாறி, சங்கத்தின் கொள்கையைக் காத்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் திரியர் நகருக்கு நாடுகடத்தப்பட்டார்; எகிப்தின் தானியக் கப்பல்களைத் தடுப்பேன் என்று மிரட்டினார் என்பது அவர் மேல் சொல்லப்பட்ட குற்றம். தம் வாழ்நாளில் நான்கு பேரரசர்கள் காலத்தில் ஐந்து முறை அவர் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. கான்ஸ்டன்டைனுக்கு 337இல் இறப்புப் படுக்கையில் திருமுழுக்குக் கொடுத்தவரோ, ஆரியுஸின் நண்பரான நிக்கோமேதியா ஆயர். அடுத்த தலைமுறையில், ஆயர்கள் சங்கம் சங்கமாக அரசுக் குதிரைகளில் விரைந்து அஞ்சல் போக்குவரத்தின் நரம்பையே அறுத்துவிட்டார்கள் என்று, கிறிஸ்தவர் அல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் குறைப்பட்டுக்கொண்டார்.

இவ்வளவாலும் மக்கள் கிறிஸ்தவர் ஆனார்களா? ஆனார்கள், ஆதாயத்துக்காகவும் ஆனார்கள். காசாவின் துறைமுகமான மயூமா, ஊரோடு கிறிஸ்தவம் தழுவியதால் தனி நகரமாக உயர்த்தப்பட்டுக் கான்ஸ்டன்சியா என்ற பெயர் பெற்றது. பிரிகியாவின் ஓர்கிஸ்துஸ் என்ற ஊர், தனக்கு மீண்டும் நகர உரிமை வேண்டும் என்று விண்ணப்பித்தபோது, ஊரார் அனைவரும் மிகத் தூய சமயத்தைப் பின்பற்றுவோர் என்பதைக் காரணங்களுக்கெல்லாம் மகுடமாகப் பேரரசரின் பதில் குறிப்பிடுகிறது. அந்தப் பதிலை அவர்கள் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பேரரசரைப் புகழ்வதில் சலிக்காத யூசேபியுஸே, பொய்வேடம் போட்டுத் திருச்சபைக்குள் நுழைந்தவர்களால் அக்காலத்தில் விளைந்த கேட்டை ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். எனினும், ஆதாயத்துக்காக வந்தவரின் பேரப்பிள்ளை உண்மையாகவே நம்புகிறவராக வளர்ந்திருப்பார் என்பதை மறந்துவிட்டு, எல்லாமே விலைக்கு வாங்கியது என்று பேசுவது அவசர முடிவு.

ஆதரவின் நிழல் எல்லைக்கு அப்பால் எப்படி விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பாரசீக மன்னர் இரண்டாம் ஷாப்பூருக்குக் கான்ஸ்டன்டைன் எழுதிய கடிதம், உம் நாட்டுக் கிறிஸ்தவர்களை உம் பாதுகாப்பில் ஒப்படைக்கிறேன் என்று கனிவோடு முடிகிறது. ரோமோடு போர் மூண்ட நிலையில், அந்தப் பரிந்துரையே அவர்களைப் பகைவனின் ஆள்கள் என்று காட்டப் போதுமானதாயிற்று. 340களில் தொடங்கிய கொடிய துன்புறுத்தலில், கிறிஸ்தவர்களிடம் இரட்டை வரி வசூலித்துத் தர மறுத்த தலைமை ஆயர் சிமியோன் கொல்லப்பட்டார். அந்தத் திருச்சபைக்கு மூச்சு வந்தது 410இல், இன்னொரு மன்னரின் ஆதரவால்; அவரும் கிறிஸ்தவர் அல்லர். சொராஸ்திரிய மன்னர் முதலாம் யஸ்தகிர்த் கூட்டிய சங்கம் நிசேயாவின் அறிக்கையை ஏற்றது. ஆறாம் நூற்றாண்டில் இலங்கையில் குடியிருந்த பாரசீகக் கிறிஸ்தவர்களுக்குக் குரு பாரசீகத்திலிருந்து வந்தார் என்று காஸ்மாஸ் என்ற வணிகர் எழுதியிருக்கிறார். மலபார்க் கரையின் பழைய கிறிஸ்தவமும் அந்தக் கிளையோடு உறவுடையது. நம் பக்கத்துக் கடற்கரைகளுக்கு அந்நாளில் வந்த கிறிஸ்தவத்துக்குக் கான்ஸ்டன்டைனிடம் பெரிய கடன் எதுவும் இல்லை.

347இல் கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்ஸ் அனுப்பிய அலுவலர்கள் இருவர், ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்குக் கொடுக்கப் பணத்தோடு கார்த்தேஜுக்கு வந்தபோது, முதியவரான தொனாத்துஸ் அவர்களிடம் கேட்டதாக ஒரு கேள்வி பதிவாகியிருக்கிறது: 'பேரரசருக்கும் திருச்சபைக்கும் என்ன வேலை?' கேள்வி கூர்மையானது, கேட்டவருக்குத்தான் அந்த உரிமை முழுமையாக இல்லை. பேரரசரின் கதவை முதலில் தட்டியது அவர் தரப்பு. பணத்தைத் தொடர்ந்து படை வந்தது, பகாய் நகரில் குருதி சிந்தியது, தொனாத்துஸ் நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். 361இல் பழைய தெய்வங்களை வணங்கும் ஜூலியன் பேரரசரானதும், தொனாத்துசார் அவரிடம் விண்ணப்பித்துத் தம் ஆலயங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கான்ஸ்டன்டைன் திறந்துவிட்டதை அடைத்துப் பார்த்தவர் அந்த ஜூலியன்தான். குருக்களின் விலக்கை நீக்கினார்; நகர மன்றத்திலிருந்து தப்பிக் குருவானவர்களைத் திரும்ப அழைத்தார்; ஆலயங்கள் வழியாகக் கைம்பெண்களுக்கும் கன்னியருக்கும் போய்க்கொண்டிருந்த அரசுத் தானியத்தை நிறுத்தினார். திருச்சபை அவற்றால் கலைந்துவிடவில்லை. கலாத்தியாவின் தலைமைப் பூசகருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் 'கலிலேயர்' (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காப்பாற்றுகிறார்களே என்று அவரே வெட்கப்பட்டு, ஒவ்வொரு நகரிலும் விடுதிகள் அமைக்கச் சொல்லி, 30,000 படி அளவுக்குக் கோதுமையும் அதற்கேற்ற மதுவும் ஒதுக்கினார். அதில் ஐந்தில் ஒரு பங்கு பூசகருக்குத் தொண்டு செய்யும் ஏழைகளுக்கு, மீதி அயலாருக்கும் இரப்போருக்கும். கான்ஸ்டன்டைன் செசிலியானுஸுக்கு எழுதியதைப் போலவே, இதிலும் தொகை, பங்கு, பொறுப்பாளர் எல்லாம் உண்டு. வாங்கிக் கொடுக்க ஊர்தோறும் ஆள்கள்தான் இல்லை. 363 ஜூனில் ஜூலியன் பாரசீகப் போரில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜோவியன் திருச்சபைக்கான தானியத்தை மீண்டும் கொடுத்தபோது, பஞ்சத்தைக் காரணம் காட்டி, பழைய அளவில் மூன்றில் ஒரு பங்கையே கொடுத்தார்.